ட்ராக்கில் உள்ளபடி

"சார், தப்பா வாசிக்கறீங்க" என்றாள் மைத்ரேயி,
சலங்கைக் காலை அந்தரத்தில் நிறுத்தி.
இருபத்தாறு வருஷமாக வாசிக்கிறவன்
வலந்தலைமேல் கையை வைத்தபடி விழித்தேன்.

போனை ஸ்பீக்கரில் சொருகினாள்.
ஸ்பீக்கரில் நான்.
தில்லானாவில் பாட்டு ஓய்ந்து
மிருதங்கம் மட்டும் நடக்கிற இடம்.
கடைசித் தீர்மானம்.
மூன்று ததிங்கிணதொம், நடுவில் இரண்டு மூச்சு.
இரண்டாவது மூச்சை விடாமல் ஓடியிருக்கிறேன்.
சமத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து
பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவன் மாதிரி
அரை அட்சரம் காத்திருக்கிறேன்.

ஞாபகம் வந்தது.
காட்கோபர். ஆறு வருஷத்துக்கு முந்தைய ஜூலை.
பல் டாக்டருக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ.
மைக்கில் ஏறுகிறதென்று ஏசியை அணைத்துவிட்டார்கள்.
கண்ணாடிக்கு அப்பால் நிமேஷ்,
அவன் தலைக்கு மேலே கடிகாரம்.
டோம்பிவிலிக்குக் கடைசி ஸ்லோ வண்டிக்கு
இன்னும் பன்னிரண்டு நிமிஷம்.
இன்னொரு டேக் போகலாமா என்றான்.
நல்லாத்தானே இருக்கு என்றேன்,
ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது.
வண்டியைப் பிடித்துவிட்டேன்.
கூலி நாலாயிரம்.

அப்புறம் நான் போகாத ஊர்களுக்கெல்லாம்
அந்த அரை அட்சரம் போய் வந்திருக்கிறது.
நாசிக், பரோடா, ஒரு தடவை மஸ்கட்.
அப்பா போய், தீட்டில் வீட்டோடு கிடந்த பத்து நாளில்
ஒரு நாள் செம்பூரில்
கோயில் மேடையில் வாசித்தேனாம்.
சாமி ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறை ஸ்பான்சர் கிடைத்திருக்கிறார்,
போரிவிலியில் வாட்டர் ஹீட்டர் விற்கிறவர்.
ஒரே ஒரு ஆளை நேரில் உட்காரவைக்கப் பணம் தேறியது.
பாட்டு, வயலின், நட்டுவாங்கம் லேப்டாப்பில்.
நேரில் நான்.
"திருத்திடலாமே, கணக்குப்படி இது..." என்று இழுத்தேன்.
"எனக்கு இதுதான் சார் கணக்கு,
ஆறு வருஷமா."

ஒரு வாரம், போகும்போதும் வரும்போதும்,
காதில் ஹெட்போன், தொடையில் விரல்.
தப்பாக வாசிப்பது சுலபம்.
அதே தப்பை, அதே இடத்தில், அதே அவசரத்தோடு
வாசிக்கப் போனால்
விரல் தானாகத் திருத்திவிடுகிறது.
தானேவுக்கும் திவாவுக்கும் நடுவே
எத்தனை முறை சரியாக வந்து தொலைத்தது!
எதிர் சீட்டில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்கள்
சீட்டை மறந்து என் தொடையைப் பார்த்தார்கள்.

மாட்டுங்கா. சனிக்கிழமை. அரைவாசி நாற்காலி காலி.
மெல்போர்னில் தூங்கிக்கொண்டிருந்த சுகுணா
கணீரென்று பாடினார்.
என் காதுக்குள் க்ளிக்,
சுவர்ப் பல்லிபோல் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.
அந்த இடம் வந்தது.
ஓடினேன்.
முன்னாலேயே போய் நின்றேன்.

ஒத்திகையில் தலை குனிந்தே வாசித்தவன்
அப்போதுதான் நிமிர்ந்தேன்.
அந்தக் காலி அரை அட்சரத்தில்
அவள் குதிக்கவில்லை, சுழலவில்லை.
கழுத்தை மட்டும் திருப்பி
சுவரில் கொஞ்சம் உயரத்தில்
எதையோ பார்த்தாள்,
நேரமாகிவிட்ட ஒருத்தியாய்.
பிறகு சமம்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டே
நிமேஷ் ஹிந்தியில் சொன்னான்:
பழைய மிருதங்கத்தை நான் எடுக்கவே இல்லை,
ம்யூட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
வார் கீர் அறுந்துவிட்டால்?
பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனீர்கள்.

அந்த இடத்தில் யார் முன்னே என்று
கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன்.
மணி பத்துகூட ஆகவில்லை.
வண்டிகள் நிறைய இருந்தன.
இருந்தும் ஸ்டேஷனுக்கு வேகமாக நடந்தேன்,
தோளில் மிருதங்கம் இடித்துக்கொண்டே வந்தது.